கொம்பைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பொருத்துவது எப்படி?

ஆடு, மாடு, காட்டெருமை, இரலை என்று கொம்புள்ள ஏதாவது ஒரு தலையைப் பாடம் செய்ய (அதாவது கெடாமல் பதப்படுத்திச் சுவரில் மாட்ட) எடுத்திருக்கிறீர்கள் என்றால், தோலுக்கும் கண்ணுக்கும் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சத்தைக் கொம்புக்கும் ஒதுக்கி வையுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் கொம்பைத் தொடுவதே இல்லை. பார்க்கக் காய்ந்து கெட்டியாக இருக்கிறதே, இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சில வாரம் கழித்து அறையில் ஒரு வாடை அடிக்கும். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அலமாரிக்குப் பின்னால் தேடுவார்கள். வாடை வருவதோ சுவரில் மாட்டிய தலையிலிருந்து.

காரணம் எளிது. கொம்பு என்பது உண்மையில் இரண்டு பாகம். உள்ளே, மண்டையோட்டிலிருந்தே வளர்ந்து நிற்கும் எலும்புத் தண்டு. அதன்மேல் கெரட்டின் என்ற புரதத்தாலான உறை. நம் நகமும் இதே பொருள்தான். இரண்டுக்கும் நடுவே இரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய சதைப்படலம் ஒன்று, நகமும் சதையும்போல ஒட்டிக்கொண்டு இருக்கும். விலங்கு உயிரோடு இருக்கும்வரை உறையை வளர்ப்பது இந்தப் படலம். செத்தபின் காற்றுப் படாத இடத்தில் மாட்டிக்கொண்டு, காயவும் முடியாமல் அழுகுவதும் அதுவே. அந்த வாடைக்கு ஈ வரும், தோல் வண்டு வரும். கொம்பையே தின்னும் அந்துப்பூச்சி வகைகளும் உண்டு. ஆக, உறையைக் கழற்றுவது, உரசுவது, காயவைப்பது எல்லாமே இந்தப் படலத்தை ஒழித்துக்கட்டுவதற்காகத்தான்.

கையில் இருப்பது எந்த வகை?

எல்லாக் கொம்பும் கழலாது. புள்ளிமான், கடமான் போன்றவற்றின் கிளைக்கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. அதற்கு உறையே கிடையாது. ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைப்பது அது. அதைக் கழற்ற வேண்டுமானால் மண்டையோட்டோடு சேர்த்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வெல்வெட் தோல் மூடிய இளங்கொம்பாக இருந்தால் அதற்கு முறையே வேறு, இங்கே அதற்குள் போகவில்லை.

உறை உள்ளவை மாட்டுக் குடும்பம்: மாடு, எருமை, ஆடு, செம்மறி, இரலைகள் (வெளிமானும் இதில் சேர்த்திதான்). இவற்றுக்கு ஆயுசுக்கும் ஒரே கொம்பு. வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் மட்டும் தனி ரகம்: எலும்புத் தண்டு நிலைத்து நிற்கும், உறையை ஆண்டுக்கொருமுறை உதிர்த்துவிடும். அதனால் அதன் உறை சுலபமாக வந்துவிடும். காண்டாமிருகக் கொம்பில் எலும்பே இல்லை. அதைத் தொடும் வேலையே உங்களுக்கு வேண்டாம்.

முதல் முயற்சிக்கு வெள்ளாட்டுத் தலை நல்லது. உறை நடுத்தர அளவில் இருக்கும், வளைவும் அதிகமில்லை, இறைச்சிக்காக வெட்டிய ஆட்டிலிருந்தே கிடைக்கும். செம்மறிக் கடாவின் சுருள் கொம்பு இரண்டாவதாக இருக்கட்டும். நெற்றியை மூடிக் கவசம்போல் படர்ந்திருக்கும் ஆப்பிரிக்க எருமைக் கொம்பு, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

கத்தி எடுப்பதற்கு முன்

இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று சட்டம். காட்டு விலங்கின் தலையோ கொம்போ வைத்திருக்கப் பல நாடுகளில் அனுமதி வேண்டும். சில இனங்களை வைத்திருக்கவே கூடாது. எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு 1975 முதல் நடைமுறையில் உள்ள, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்ற பன்னாட்டு உடன்படிக்கை தனியாக இருக்கிறது. உரிய தாள் இல்லாத தலையை யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். 'வெறும் கொம்புதானே' என்ற பேச்சு எந்த அதிகாரியிடமும் எடுபடாது.

இன்னொன்று நோய். திடீரென்று செத்து, மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் வடிந்த கால்நடையைத் தொடவே கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்தக் கிருமியின் வித்துக்கள் சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் சாகாது, தோலிலும் கொம்பிலும் எலும்பிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். நல்ல விலங்கு என்று தெரிந்தாலும் கையுறை கட்டாயம். எலும்பையோ கொம்பையோ அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி போடுங்கள், தூசி பறக்காமல் ஈரமாக்கிக்கொண்டு தேயுங்கள்.

அடையாளம் வைப்பது

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இது. கழற்றிய உறையைத் திரும்ப வைக்கும்போது 'இப்படித்தான் இருந்ததா?' என்ற கேள்வி கண்டிப்பாக வரும். நினைவை நம்பினால் ஒரு கொம்பு முன்னாலும் ஒரு கொம்பு பின்னாலும் சாய்ந்த ஆடு கிடைக்கும்.

தோலை உரிக்கும்போது கொம்பின் அடியை ஒட்டிக் கத்தியைச் சுற்றிக் கொண்டுவாருங்கள், முடியைத் தண்டோடு விட்டுவிட வேண்டாம். உரித்தபின் நேர் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேலிருந்து ஒன்று என நான்கு படமாவது எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் தெரியட்டும். இரண்டு நுனிக்கும் இடையே எவ்வளவு, இரண்டு அடிக்கும் இடையே எவ்வளவு, அடிச் சுற்றளவு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். உறையின் விளிம்பு மண்டையோட்டில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அங்கே, நெற்றிக்கு நேராக, எலும்பில் அரத்தால் சின்ன வெட்டு ஒன்று போடுங்கள். அதற்கு நேர் மேலே உறை விளிம்பின் உட்புறத்திலும் ஒரு சின்னக் கீறல். பேனாவில் போட்ட கோடு ஊறவைத்தால் போய்விடும், ஒட்டிய டேப்பும் கழன்றுவிடும். அரத்தில் போட்டது எங்கும் போகாது. இடது எது, வலது எது என்று நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வளைந்த கொம்பில் குழப்பம் குறைவு. நேர்கொம்பு இரலையில் இது இல்லாமல் முடியாது.

உறையைக் கழற்றுதல்

மூன்று வழி உண்டு. மூன்றும் செய்வது ஒன்றைத்தான்: நடுப்படலத்தின் பிடியைத் தளர்த்துவது. பலத்தால் இழுத்துக் கழற்றுவது என்று ஒரு வழி கிடையாது.

நான் முதலில் சொல்வது பையில் கட்டி வைக்கும் முறை. தலையை (அல்லது கொம்போடு அறுத்தெடுத்த மண்டைத் தகட்டை) கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வாயை இறுக்கிக் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் விட்டுவிடுங்கள். நேர் வெயிலில் வேண்டாம். உள்ளே ஈரம் நிற்கும், பாக்டீரியா தன் வேலையைச் செய்யும். வெப்பத்தைப் பொறுத்து ஒரு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். நாற்றம் கொடுமையாக இருக்கும், அதை மறைத்துச் சொல்ல வழியில்லை. வீட்டை விட்டுத் தள்ளி, நாயும் காக்கையும் எட்டாத இடத்தில் வையுங்கள். இத்தனை இருந்தும் இதைப் பரிந்துரைக்கக் காரணம், உறைக்கு இதில் சேதம் மிகக் குறைவு என்பதே. நிறம் மாறாது, தோல்தோலாக உரியாது.

இரண்டாவது, தண்ணீரில் ஊறவைப்பது. கொம்பின் அடிவரை மூழ்கும்படி வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான தண்ணீர். 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருந்தால் வேகமாக நடக்கும். மண்டையோட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யப்போகிறீர்கள் என்றால் இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் கெரட்டின் தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும். கழலும் நிலை வந்தபிறகும் 'இருக்கட்டும்' என்று ஊறப்போட்டால் அடி விளிம்பு இலைபோலப் பிரியும். தினமும் பாருங்கள். ஏற்கெனவே உறையோடு காய்ந்துபோன பழைய தலைக்கும் இதுதான் வழி. முதலில் ஓரிரு நாள் ஊறினால்தான் உள்ளே இருப்பது இளகும்.

மூன்றாவது, சூடு. அவசரத்துக்குப் பலரும் செய்வது. கொதிக்கும் தண்ணீரில் தலைகீழாகப் போட்டு அடுப்பை மறந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் விபத்து. சூட்டில் கெரட்டின் இளகி, வளைந்து, காயும்போது சுருங்கி, திரும்ப எலும்பில் ஏறவே ஏறாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஆவி வரும் அளவு போதும். சிறிய ஆட்டுக் கொம்பு என்றால் 20 நிமிடத்தில் சோதிக்கத் தொடங்குங்கள், பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. தடித்த கையுறை போட்டுக்கொண்டு முறுக்கிப் பாருங்கள். ஆறிப்போனால் மறுபடி இறுகிவிடும் என்பதால் சூடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

கழலத் தயாரா என்று எப்படித் தெரியும்? உறையின் அடியைப் பிடித்துக் கொஞ்சமே கொஞ்சம் திருகுங்கள். ஒரு நூல் அளவு அசைந்து, விளிம்பில் கருத்த நீர் கசிந்தால் பக்குவம் வந்துவிட்டது. அசையவில்லையா, திரும்பக் கட்டி வையுங்கள். அசைந்தால், உறையின் அடியைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். நேர்கொம்பை நேராக இழுக்கலாம். சுருள் கொம்பை அதன் சுருள் போகும் திசையிலேயே சுற்றி எடுக்க வேண்டும், திருகாணியைக் கழற்றுவதுபோலத்தான். ஒரு கொம்பைப் பிடித்து இன்னொன்றைத் திருகாதீர்கள். இளம் விலங்கின் நெற்றி எலும்புகள் நடுவில் முழுதாக ஒட்டியிருக்காது; அந்த இணைப்பில் பிளந்துவிடும். இன்னொரு கை மண்டையோட்டைப் பிடிக்கட்டும், முடிந்தால் இன்னொரு ஆள் பிடிக்கட்டும்.

ஸ்க்ரூடிரைவரை உறைக்கும் எலும்புக்கும் நடுவே விட்டு நெம்புவது வேண்டவே வேண்டாம். உறையில் அடிப்பகுதிதான் கடைசியாக வளர்ந்தது. மெல்லியது, இளசு. நெம்பினால் முதலில் உடைவது அந்த விளிம்பு. பாடம் செய்த தலையில் கண்ணுக்கு நேரே தெரிகிற இடமும் அதுதான்.

உறையைச் சுத்தம் செய்தல்

உறை வந்ததும் உள்ளே வழவழவென்று படலம் ஒட்டியிருக்கும். மழுங்கிய கத்தி, பழைய கரண்டி, வளைத்த கம்பி, பாட்டில் கழுவும் பிரஷ் என்று கைக்கு எட்டியதெல்லாம் உதவும். நுனிப் பக்கம் எதுவும் எட்டாது. அங்கே ஒரு கை பொடிக்கல், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, வாயைக் கையால் மூடிக் குலுக்குங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கடைசியாக ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினால் மிச்ச ஈரத்தையும் வாடையையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

வெளிப்பக்கத்தில் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். வளையங்களில் படிந்த மண், மரத்தில் உரசிய தடம், இதையெல்லாம் பளபளக்கத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். இயற்கையான கொம்பில் மெருகு நுனிப் பக்கம்தான் இருக்கும். முழுக்கப் பாலிஷ் போட்ட கொம்பு கடையில் விற்கும் அலங்காரப் பொருள்போல் இருக்குமே தவிர, ஆட்டின் தலையில் முளைத்ததுபோல் இருக்காது.

அப்புறம் காயவைப்பது. நிழலில், காற்றோட்டத்தில். வெயிலிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைத்தால் வெடிக்கும். காயும்போது உறை சுருங்கும், குறிப்பாக மெல்லிய அடிப்பகுதி கோணலாகும். அதனால் உள்ளே கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். எலும்புத் தண்டு சுத்தமாகிவிட்டால் உறையை அதன்மேலேயே தளர்வாக மாட்டிக் காயவிடுவது இன்னும் நல்லது, வடிவம் மாறாது. தொட்டுப் பார்த்துக் காய்ந்ததா என்று சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் ஒவ்வொரு நாளும் எடை பாருங்கள். சில நாட்கள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்ததும் உள்ளே வெண்காரப் பொடியைத் தூவிக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள், பூச்சி நெருங்காது. பசை பிடிக்க வேண்டிய இடத்தில் பொடியைத் துடைத்துவிட வேண்டும்.

எலும்புத் தண்டு

தண்டைச் சுரண்டினால் நுண்ணிய துளைகள் நிறைந்து கரடுமுரடாக இருக்கும். மாட்டிலும் ஆட்டிலும் நெற்றியின் காற்றறை தண்டுக்குள்ளும் நீண்டிருக்கும், அதாவது உள்ளே பொந்து. தோலோடு பாடம் செய்யப்போகும் தலையில் தண்டு வெளியே தெரியாது. அதனால் மேல் பாதியை ஹேக்சாவால் அறுத்து எறிந்துவிடுங்கள். சுத்தம் செய்ய வேண்டியது குறையும், உள்ளறைக்கு வழி கிடைக்கும், உறை கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் ஏறும். வெறும் மண்டையோடாகவே வைக்கப்போகிறீர்கள் என்றால் நுனியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும்.

பொந்துக்குள் தண்ணீரைப் பீய்ச்சிச் சவ்வை வெளியே கொண்டுவாருங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறட்டும். எலும்பில் கொழுப்பு ஊறிக் கிடக்கும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். சில தலைக்கு வாரங்கள், கொழுத்த மாட்டுக்கு மாதங்கள். வெளுப்பாக்க வேண்டுமென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதமே நிதானமாக வேலை செய்யும். மூடிய பாத்திரத்தில் வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். இது கெரட்டினின் நிறத்தையும் எடுத்துவிடும் என்பதால், உறையைக் கழற்றிய பின்பே வெளுக்கும் வேலை. பிளீச்சிங் பவுடர் எலும்பைச் சுண்ணாம்பாக உதிரவைத்துவிடும், வேண்டாம்.

திரும்பப் பொருத்துதல்

பசையைத் திறப்பதற்கு முன் சும்மா மாட்டிப் பாருங்கள். அரத்தில் போட்ட இரண்டு அடையாளமும் நேராக வருகிறதா? ஏறவில்லை என்றால் தண்டை அரத்தால் குறையுங்கள், உறையை அல்ல. லொடலொடவென்று ஆடினால் கவலை இல்லை, அந்த இடைவெளியைத்தான் நிரப்பப்போகிறோம்.

எதால் நிரப்புவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, ஆனால் கஷ்டப்பட்டுக் காயவைத்த கொம்புக்குள் மறுபடி தண்ணீரைக் கொண்டுபோகிறது, கனமும் அதிகம். எனக்குப் பிடிக்காது. ஃபோம் லேசானது, விரிந்துகொண்டே போய் உறையை மேலே தள்ளிவிடும், இரவு நேராக வைத்தது காலையில் எழும்பி நிற்கும். கார் பட்டறையில் பள்ளம் அடைக்கும் பாலியெஸ்டர் பட்டி வேகமானது, கெட்டியாகப் பிடிக்கும். ஹார்டனர் கலந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும், சூடும் ஏறும், வாடையும் உண்டு. கதவைத் திறந்து வையுங்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் பசை) நல்லது. கோணலைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

வெறும் மண்டையோட்டுக்கு நிரந்தரப் பசையே தேவையில்லை. இரண்டு மூன்று இடத்தில் சிலிகோன் பசையால் பொட்டு வைத்தால் நிற்கும், என்றைக்காவது கழற்றவும் முடியும். அருங்காட்சியகப் பொருள் என்றால் அசிட்டோனில் கரையும் பாரலாய்ட் பி-72 போன்ற பிசின்தான் முறை. பின்னால் வருகிறவர் பிரித்துப் பார்க்க வழி விட வேண்டும்.

செய்முறை இதுதான். தண்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அரத்தால் ஒரு சின்ன வாய்க்கால் போடுங்கள், உள்ளே அகப்படும் காற்று வெளியேற. இல்லாவிட்டால் காற்று உறையை மெல்ல மேலே தள்ளும். தண்டின் மேல் பசையை ஏராளமாகப் பூசி, உறைக்குள்ளும் அடிப்பக்கமாகக் கொஞ்சம் வையுங்கள். நுனிவரை நிரப்ப வேண்டியதில்லை. திருகியபடி இறக்கி, அடையாளத்துக்கு நேராக நிறுத்தி, பிதுங்கியதை உடனே துடைத்துவிட்டு, மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள். ஒரு கொம்பு இறுகியபின் அடுத்தது. இரண்டாவதை வைக்கும்போது நுனி இடைவெளியை எழுதிவைத்த அளவோடு ஒப்பிடுங்கள், பத்தடி தள்ளி நின்று படத்தையும் தலையையும் மாறி மாறிப் பாருங்கள். பக்கத்தில் நின்றால் கோணல் தெரியாது.

தண்டு முறிந்திருந்தால் இரண்டு பக்கமும் டிரில் போட்டு, மரை போட்ட எஃகுக் கம்பியை எபாக்ஸியில் நிறுத்துங்கள். பசை மட்டும் அந்தக் கனத்தைத் தாங்காது.

அடியில் மிஞ்சும் இடைவெளியை எபாக்ஸி புட்டியால் அடைக்கலாம். தோல் மாட்டும் தலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது: தோல் காயும்போது கொம்பை விட்டுப் பின்வாங்கும். அதனால் தோலின் விளிம்பைக் கொம்பின் அடிக்குக் கீழே இறுக்கிச் சொருகி, பசையிட்டு, காயும்வரை மெல்லிய ஆணிகளால் பிடித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவே தெரியும் வெள்ளைக் கோட்டைப் பிறகு பெயிண்டால் மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

மயிரிழை வெடிப்புகளுக்கு நீர்த்த சூப்பர் குளூ ஓடவிட்டு, காய்ந்ததும் 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். கடைசியில் ஒரு துளி மினரல் ஆயிலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் வறட்சி போகும். எண்ணெய் வழிய வழியப் பூசினால் தூசிதான் ஒட்டும்.

பழைய தலையில் கொம்பு ஆடினால்

தாத்தா காலத்துத் தலை ஒன்றில் கொம்பு கழன்று வந்தால் இதே முறைதான், ஆனால் முன்னெச்சரிக்கை வேறு. பழைய பாடங்களில் பூச்சி வராமலிருக்க ஆர்செனிக் என்ற நஞ்சைப் பூசுவது 18ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை வழக்கமாக இருந்தது. கண்ணுக்கு அது தெரிய வேண்டும் என்பதில்லை. கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வைத்து வேலை செய்யாதீர்கள்.

உறையில் துளையும் கீழே மாவுபோன்ற தூளும் இருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் பொருள்மேல் ஈரம் கோக்கும். அதன்பிறகு உறைக்குள் பார்த்தால் பழைய படலம் காய்ந்த சருகாக ஒட்டியிருக்கும். அதை ஈரத்துணியால் இளக்கிச் சுரண்டி எடுத்த பிறகுதான் பசை. எடுத்த குப்பையைச் சாதாரணக் குப்பையில் கொட்டாமல், தனிப் பையில் கட்டி அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

ஒட்டிய தலையைத் தூக்கும்போது, புதிதோ பழையதோ, கொம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், பின்பலகையைப் பிடியுங்கள்.